கடப்பாசி எலி

என் மனைவி எலிகளுக்குள் வெளிச்சம் தேடுகிறவள். இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு என்னைப் பாவம் பார்ப்பார்கள். நான் திருகோணமலை டவுனில் கலியாண வீட்டுப் படம் எடுக்கிறவன். என் வாயிலிருந்து இப்படி ஒரு வசனம் வந்தால் யார்தான் நம்புவார்கள்? அவளுடைய பெரிய மாமா ஒருநாள் எங்கள் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மலையைக் கெல்லி எலி பிடிச்ச கதை கேள்விப்பட்டிருக்கிறம். இவள் எலியைக் கெல்லி என்னத்தைப் பிடிக்கப் போறாள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் கொதி வந்தது. சிரித்த ஆட்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அவளுடைய வேலையை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். மின்மினிப் பூச்சி எப்படியோ தன் உடம்புக்குள் வெளிச்சத்தை உண்டாக்குகிறது அல்லவா? வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் அந்த வித்தையைப் புற்றுநோய்க் கலங்களுக்குள், அதாவது செல்களுக்குள், புகுத்தி விடுகிறார்கள். அந்தக் கலங்கள் ஒரு சுண்டெலியின் உடம்புக்குள் கட்டியாக வளரும். பிறகு ஊசியால் ஒரு மருந்து ஏற்றினால் கட்டி தானாகவே மினுங்கும். எலியை மயக்கி, இருட்டுப் பெட்டிக்குள் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். படத்தில் தெரிவது தோலுக்கு வெளியே கசிந்து வந்த மங்கல் வெளிச்சம் மட்டும்தான். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பெரிதாக, இதையெல்லாம் படம் சொல்லாது. வெளியே வந்த வெளிச்சத்தை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்கால் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எலியை வெட்டத் தேவையில்லை. அதே எலியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மருந்துக்குக் கட்டி கரைகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு இது விளங்கியது ஒரு மாப்பிள்ளையின் காதால். உப்புவெளிக் கடற்கரையில் காலை வெயிலை முதுகுப் பக்கம் வைத்து ஒரு சோடியைப் படம் எடுத்திருந்தேன். மாப்பிள்ளையின் காது இரண்டும் செம்பரத்தம் பூ மாதிரிச் சிவந்து போயிருந்தன. அவருடைய தாய் கடைக்கே வந்து, "என்ர பிள்ளையின்ர காதை என்ன செய்தனீர்?" என்று சண்டை பிடித்துவிட்டுப் போனார். நான் கணினியில் அந்தச் சிவப்பைத் திட்டித் திட்டி அழித்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"பச்சை வெளிச்சத்தை இரத்தம் குடிச்சிடும். சிவப்பைத்தான் விடும். அதுவும் நேராப் போகாது. இறைச்சிக்குள்ள முட்டி மோதி, எந்தப் பக்கத்தால வாறதெண்டு தெரியாமத்தான் வெளியில வரும்" என்றாள். "இந்தக் காதை மட்டும் பாத்து, சூரியன் எங்க நிண்டதெண்டு சொல்லுவீங்களோ?"

"ஏலாது."

"அதைச் சொல்லுறதுதான் என்ர வேலை."

அத்தனை வருடமாக வெளிச்சத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் நான். வெளிச்சம் எங்கே விழுகிறது என்றுதான் பார்த்திருக்கிறேன். எங்கேயிருந்து, எதையெல்லாம் தாண்டி வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்படி ஒரு மூளை என் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கிறதே என்று எனக்குப் பெருமையும் புளுகமுமாக இருந்தது.

அவள் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துவிட்டு, மிச்சக் கணக்கு வேலையை வீட்டில் இருந்தே செய்து முடிக்கலாம் என்று வந்திருந்தாள். எலிகள் அங்கே. படங்கள் மட்டும் இங்கே வரும். என் ஸ்டூடியோவின் பின்னறையில் ஏசி இருப்பதால் அவளுடைய கணினியும் அங்கேதான் இருந்தது. முன்னறையில் பாஸ்போட் படத்துக்கு ஆட்கள் தலை வாரிக்கொண்டு நிற்பார்கள். பின்னறையில் எலியின் வயிறு திரையில் நிறம் நிறமாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

ஆனால் ஒரு எலியில்தான் வில்லங்கம் வந்தது. அந்த எலியின் படங்களை அவள் புதிதாக உண்டாக்கிய முறையில் கணக்குப் போட்டபோது, கட்டிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு இருட்டு இருக்கிறது என்று விடை வந்தது. வெளிச்சத்தைக் குடிக்கிற ஒரு பொருள். அது மறைப்பதால்தான் கட்டி சிறிதாகவும் தோலுக்குக் கிட்டவும் இருப்பதுபோலத் தெரிகிறது, உண்மையில் அது பெரிது, ஆழத்தில் இருக்கிறது என்றாள். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒன்றும் இருக்காது, கணக்கு தானாகக் கற்பனை பண்ணுகிறது என்றார். பழைய முறையில் அழகான, ஒற்றை விடை வருகிறது, ஆய்வேட்டில் அதையே எழுதச் சொன்னார்.

அவள் விடவில்லை. மாதக்கணக்காக ஒவ்வொரு வீடியோ அழைப்பிலும் அதே எலி, அதே இருட்டு, அதே தலையாட்டல். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். எலியை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரு பொய் எலியைச் செய்யட்டும். அதற்குள் வேறொருவர் வெளிச்சத்தை ஒளித்து வைக்கட்டும். அவள் படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, உள்ளே இருப்பதைச் சொல்லவேண்டும். பிறகு அவருடைய கண்முன்னே வெட்டிக் காட்டவேண்டும். சரியாக இருந்தால் அந்த எலியைப் பற்றி மறுபடி பேசலாம். பிழைத்தால் பழைய முறையிலேயே எழுதி முடிக்கவேண்டும். பட்டம் எப்படியும் கிடைக்கும். ஆனால் அவள் கண்டுபிடித்தது குப்பைக்குள் போய்விடும்.

"பட்டம் கிடைச்சாக் காணும்தானே" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழும்பிப் போய் இல்லாத வாடிக்கையாளருக்குக் கதவைத் திறந்தேன்.

பொய் எலியை ஆய்வுகூடக்காரர் விலை கொடுத்து வாங்குவார்களாம். எங்களுக்கு வாய்த்தது கடப்பாசி. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் பால் விட்டுக் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போடுவார்களே, அதே கடப்பாசிதான். அது தசை மாதிரி. அதில் கலக்கிற பால் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஒரு சொட்டுக் கறுப்பு மை வெளிச்சத்தைக் கொஞ்சம் குடிக்கும். இவ்வளவுதான் எலி. வெளிச்சத்துக்கு, இரவில் கணவாய் பிடிக்கிறவர்கள் தூண்டிலோடு கட்டுகிற ஒளிக்குச்சி. ஒரு விரற்கணு நீளம். மடக்கினால் உள்ளே 'டிக்' என்று உடைந்து பச்சையாக ஒளிரும்.

எங்கள் குசினியில் செய்த முதல் எலி பிட்டு மாதிரி உதிர்ந்தது. இரண்டாவது முழுக்கக் குமிழி. மூன்றாவது உறையவே மாட்டேன் என்றது. வெளிச்சம் எப்படிப் போகும் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த என் மனைவிக்குக் கடப்பாசி காய்ச்ச வரவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவள் அகப்பையால் அடிக்க வந்தாள்.

அப்போதுதான் எனக்குக் கிண்ணியா ராத்தாவின் நினைவு வந்தது. கிண்ணியா, பாலத்துக்கு அப்பால் உள்ள முஸ்லிம் ஊர். அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். நோன்பு மாதம் தொடங்கினால் அவர் வீட்டில் கடப்பாசி ஓய்வில்லாமல் உறைந்துகொண்டே இருக்கும். ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுவார். ஒரு குமிழி இருக்காது, கண்ணாடிதான்.

விஷயத்தைச் சொன்னதும் ராத்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்தார்.

"இது தின்னுறதுக்கு இல்லயா தம்பி?"

"இல்லை ராத்தா. படம் எடுக்கத்தான்."

"சீனியும் போடப்படாதா?"

"போடக்கூடாது."

"நிறமும் இல்ல, வாசமும் இல்ல. பாவம் அந்த எலி" என்றார். பிறகு மனைவிக்கு இது எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன். இது ஒரு சோதினை மாதிரி, இதில் வென்றால்தான் அவள் சொன்னதைப் பெரிய ஆட்கள் நம்புவார்கள் என்றேன். ராத்தா தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டு, "அப்ப நல்லாச் செஞ்சு தாறன்" என்றார்.

முதல் இரண்டு எலிகளும் பழகிப் பார்க்க. குச்சி எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். பின்னறை யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, கேக்குக்கு ஐசிங் பூசுகிற சுழல் தட்டில் எலியை வைத்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தேன். குச்சியின் வெளிச்சம் நேரம் போகப் போக மங்கும் என்பதால், நாலாவது பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்தை இன்னொரு தரம் எடுத்தேன். எவ்வளவு மங்கியது என்று அதைக்கொண்டு கழிக்கலாம். அந்த யோசனை என்னுடையது. "சரியான மூளைதான்" என்று அவள் சொன்னாள். நான் அதை இரண்டு நாள் சொல்லிக்காட்டிக்கொண்டு திரிந்தேன். இரண்டு எலிகளிலும் அவளுடைய கணக்கு குச்சியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

மூன்றாவதுதான் சோதினை எலி. அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கிண்ணியாவுக்குப் போனேன். ராத்தா நோன்போடு அடுப்படியில் நின்று காய்ச்சினார். எனக்கு மட்டும் தேத்தண்ணி வைக்கப் போனார். அவர் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காமல் நிற்கும்போது நான் எப்படிக் குடிப்பது? வேண்டாம் என்று மறித்துவிட்டேன். கெட்டிப்பால் வந்த வெறும் ரின்பால் டின்னில் பாதிவரை ஊற்றினோம். அது கொஞ்சம் இறுகி, சூடு அடங்கியதும் குச்சியை மடக்கி, என் கையால் ஒரு இடம் பார்த்துக் குத்தி வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கலியாணப் பொம்பிளையின் தகப்பன் போனில் அழைத்தார். கலியாண ஆல்பத்தில் தன்னுடைய படம் குறைவு என்று அவருக்குக் கவலை. முற்றத்தில் நின்று அவரைச் சமாளித்துவிட்டு வந்தபோது ராத்தா மேல் பாதியையும் ஊற்றி மூடியிருந்தார். பால் வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மீன் மணக்கிற வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் ஐஸ் போட்டு, பாலத்தால் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன்.

படம் எடுத்து முடிந்ததும் எலியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தோம். அவள் கணினியோடு உட்கார்ந்தாள். மறுநாள் பின்னேரம் பேராசிரியர் வருவார். காலையில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவள் ஒரு காகிதத்தோடு வந்தாள். முகம் சரியில்லை.

"குச்சி இஞ்ச இருக்கு" என்று வரைந்து காட்டினாள்.

அச்சொட்டாக நான் வைத்த இடம். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். ஆனால் சொல்லக்கூடாது. என் முகத்தைப் பார்த்தே படித்துவிடுவாள் என்று பயந்து, கண்ணாடிக் கதவைத் துடைக்கிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன்.

"பக்கத்தில இன்னொண்டு கிடக்கு" என்றாள்.

"என்ன இன்னொண்டு?"

"ஒரு இருட்டு. மேல் பாதியில, வலப்பக்கம். பெருவிரல் நுனியளவு இருக்கும். அது வெளிச்சத்தைக் குடிக்குது."

என் கையில் இருந்த துணி விழுந்துவிட்டது. நான் குத்தி வைத்த குச்சியைத் தவிர அதற்குள் என்ன இருக்கப் போகிறது? வாயைப் பொத்திக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அங்க ஒண்டுமில்லை!"

"நீங்கள் சொல்லக்கூடாது எண்டெல்லோ கதை" என்று சீறினாள்.

"இஞ்சரும், நான்தானே வைச்சனான். குச்சியைப் பற்றி மட்டும் சொல்லும். மற்றதை விடும்."

"எப்படி விடுறது?"

"குச்சி மங்கியிருக்கும்."

"முதல் பக்கத்தைத் திரும்ப எடுத்தனீங்கள்தானே. கழிச்சுப்போட்டன்."

"லென்சில ஏதும் அழுக்கு."

"அழுக்கெண்டா நாலு படத்திலயும் ஒரே இடத்தில வரும். இது எலியோட சேர்ந்து சுத்துது."

"அப்ப உம்மட கணக்கிலதான் ஏதோ பிழை!" என்று கத்திவிட்டேன். பாஸ்போட் படத்துக்கு வந்து நின்ற ஒரு ஐயா மெதுவாக வெளியே நழுவினார்.

அவள் கத்தவில்லை. காகிதத்தை மேசையில் விரித்து, "நாலு பக்கமும் ஒரே கதையைச் சொல்லோணும், என்னப்பா" என்றாள். "இருட்டை எடுத்தால் மூண்டு பக்கம் ஒரு கதை, ஒரு பக்கம் வேற கதை. குச்சியை எங்க நகர்த்தினாலும் சரிவரேல்ல. இருட்டை வைச்சால்தான் எல்லாம் பொருந்துது. இதை விடச் சொன்னால், அந்த எலியிலயும் விடச் சொல்லுறீங்கள்."

வெளியே போனேன். எங்கள் டவுனில் மாடு மாதிரித் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று கடை வாசலில் நின்று எங்கள் விளம்பர அட்டையைத் தின்றுகொண்டிருந்தது. "உனக்கு வேற இடமே கிடைக்கேல்லையோ!" என்று அதன்மேல் பாய்ந்தேன். அது அசையவில்லை. அட்டையில் இருந்த பொம்பிளையின் கழுத்துவரை தின்று முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

கோபம் இல்லை, பயம்தான். குச்சியைப் பற்றி அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதோடு நிறுத்தினால் வெற்றி. ஆனால் அவள் நிறுத்தமாட்டாள். பேராசிரியர் எதைக் கற்பனை என்று சொன்னாரோ, அதையே அவர் முகத்துக்கு முன்னால் மறுபடி சொல்லப் போகிறாள். வெட்டிப் பார்த்தால் வெறும் பால்தான் இருக்கும். ஊர்ச் சிரிப்பையெல்லாம் சிரித்துத் தாண்டி வந்தவள் அந்த ஒரு நிமிடத்தில் உடைந்துபோவாள். உண்மையைச் சொல்லித் தடுக்கலாம் என்றால், சொன்னால் சோதினையே செல்லாது. நல்லாய் மாட்டிக்கொண்டேன்.

பின்னேரம் பேராசிரியர் திரையில் வந்தார். அங்கே காலை. கையில் கோப்பிக் கோப்பை. இவள் தன்னுடைய படத்தைக் காட்டினாள். குச்சியின் இடத்தைச் சொன்னாள். பிறகு ஒரு கணம்கூடத் தயங்காமல் இருட்டின் இடத்தையும் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒளித்து வைத்தவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்து, ஓம் என்று தலையாட்டினேன். இரண்டு பொருள் வைத்தீர்களா என்று கேட்டார். இவள் குறுக்கே புகுந்து, இப்போது அவர் ஒன்றும் சொல்லக்கூடாது, வெட்டிப் பார்ப்போம் என்றாள். பிறகு கத்தியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வெட்டுங்கோ. நான் வெட்டேக்க உள்ளுக்கு ஏதும் வைச்சதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

எலியைக் குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்துப் பீங்கானில் வைத்தேன். அது தளதளவென்று ஆடியது. முதலில் குச்சி இருக்கும் பக்கத்தை வெட்டினேன். இரவோடு இரவாக ஒளிர்ந்து முடிந்த குச்சி, அவள் சொன்ன இடத்தில் இருந்தது. பேராசிரியர், நல்லது, மிக நல்லது என்றார். அதோடு எல்லாம் முடிந்துபோகட்டும் என்று நான் கும்பிடாத தெய்வமில்லை.

"இப்ப வலப்பக்கம்" என்றாள்.

"உமக்கு விசர்" என்று முணுமுணுத்தேன்.

"வெட்டுங்கோ, என்னப்பா."

கத்தியை இறக்கினேன். வெண்ணெய்க்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. பாதி வழியில் ஏதோ தட்டுப்பட்டது. நான் நிறுத்திவிட்டேன். அவளும் கண்டுவிட்டாள். அழுத்தினேன். எலி இரண்டாகப் பிரிந்து விழுந்தது. வெள்ளைக்குள், அவள் வரைந்த அதே இடத்தில், பெருவிரல் நுனியளவில், மண்ணிறத்தில் பளபளவென்று ஒன்று இருந்தது.

"அட கடவுளே!" என்றேன். "இதென்ன சாமான்?"

அவள் கிட்டக் குனிந்து மணந்து பார்த்தாள். முகம் என்னவோ ஆயிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஈத்தம்பழம்! ஐயோ, இது ஈத்தம்பழமப்பா!"

பேரீச்சம்பழத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். திரையில் பேராசிரியர், என்ன அது, என்ன அது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கைகூடக் கழுவாமல் ராத்தாவுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ராத்தா, அந்தக் கடப்பாசிக்குள்ள ஈத்தம்பழம் போட்டீங்களோ?"



"நீங்க போன் கதைக்கப் போன நேரம் வெச்சன் தம்பி. நோன்பு மாசத்துல எங்கட ஊட்டுக் கடப்பாசி வெறுமையாப் போகப்படாது. எலியோ மனிசனோ, யாருக்கெண்டாலும். அதோட அந்தப் புள்ளைக்குச் சோதினை எண்டு சொன்னீங்கதானே. பிஸ்மி சொல்லி, அவ பாசாகோணும் எண்டு துஆக் கேட்டுத்தான் உள்ளுக்க வெச்சன்." குரல் இறங்கியது. "கெடுத்துப்போட்டனா?"

இவள் போனை என் கையில் இருந்து பறித்தாள். "இல்லை ராத்தா. கெடுக்கேல்ல. ஒண்டையும் கெடுக்கேல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போதே கண்ணீர் வடிந்தது.

பிறகு அதைப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். நோன்பு, ஈத்தம்பழம், துஆ எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். உங்களுக்கும் தெரியாது, ஒளித்து வைத்த உங்கள் கணவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கணக்குக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்றார். இதைவிட நல்ல சோதினையைத் தானே யோசித்திருந்தாலும் செய்திருக்க முடியாது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இவளுடைய கணக்கிடம் ஒரு ஈத்தம்பழத்தை மறைக்க முடியாது என்று நான் தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

போகும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார். அந்தச் சுண்டெலி ஆய்வு முடிந்து இறந்தபிறகு அதன் உடலை உறைநிலையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவள் சொன்ன இடத்தில் மெல்லிய சீவலாக வெட்டிப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். இவள் நன்றி சொல்லிவிட்டுத் திரையை மூடினாள். மூடிய கையோடு கதிரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று நான் அவளைப் பார்த்தபடியே நின்றேன். ஈத்தம்பழம் கிடைத்ததால் அல்ல. அது கிடைக்கும் முன்னரே, அங்கே ஒன்றுமில்லை என்று நான் தலையில் அடித்துச் சொன்னபோதே, அவள் அசையாமல் நின்றாளே, அதற்காக. அவள் பிடிவாதத்தில் நிற்கவில்லை. நாலு பக்கமும் பார்த்துவிட்டு நின்றாள். இந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்களை மேடையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அப்படி நின்ற ஒருவரை நான் கண்டதில்லை. இதை அவளிடம் அப்போதே சொன்னேன். "அலட்டாமல் பீங்கானைக் கழுவுங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு பேராசிரியரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. சீவல் வெட்டுகிற இடத்தில் வரிசையாம். அவள் போன் கிணுங்கினால் அடுப்பில் பால் பொங்குவதும் தெரியாமல் ஓடினாள். பொய் எலி வென்றது சரி, உண்மை எலியில் ஒன்றும் இல்லாவிட்டால்? கடப்பாசி வேறு, உயிர் வேறு என்று பேராசிரியர் சொல்லிவிட்டால்? இதை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதையே யோசித்துக்கொண்டு சோறு சாப்பிட்டோம்.

நோன்புப் பெருநாளன்று ராத்தா தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம் கொடுத்துவிட்டார். மறுநாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுபோனபோது வாசலிலேயே என்னை மறித்து, "அந்த உண்மையான எலியிட முடிவு வந்திச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "வரும். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கன்" என்றார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு அலுமாரியில் சாய்ந்து நின்றாள். நின்றவள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் போனை வாங்கினேன். திரையில் ஒரு படம். எலியின் உடம்பின் ஒரு சீவல். அவள் சொன்ன ஆழத்தில், அவள் சொன்ன பருமனில் கட்டி. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக, உறைந்துபோன இரத்தம். மேலே அவள் போன வருடம் வரைந்து அனுப்பிய கோட்டைப் பேராசிரியரே எடுத்துப் போட்டிருந்தார். கோடு அந்த இரத்தத்தைச் சுற்றிச் சரியாகப் போயிருந்தது.

நான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கையெல்லாம் தேங்காய்ப் பூ. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தைபோல வாய்விட்டு அழுதாள்.

"ஒரு வருசமாச் சொல்லிக்கொண்டிருந்தனான், என்னப்பா" என்றாள். "ஒரு வருசமா."